காத்தமுத்து கடைசியாகச் சொன்னது

தேர்தல் நெருங்கிவிட்டதால் ஒன்றியத் தலைவர் தவசிலிங்கம் துக்க வீட்டுக்கு நேரிலேயே வந்திருந்தார். மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்ததும், காத்தமுத்துவின் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி மூச்சு வரைக்கும் போன்ல உங்ககிட்டத்தாண்ணே பேசிக்கிட்டிருந்தாரு. நான் தண்ணி கொண்டாரப் போயிட்டேன். என்னண்ணே சொன்னாரு?"

காத்தமுத்துவிடம் தவசிலிங்கம் பேசியதே இல்லை. எழுபத்திரண்டு ஊர்களிலும் போனில் அவர் முகத்தோடு, அவர் குரலில் மக்களின் குறை கேட்பது அவருடைய கணினி நகல்தான். நான்கு வருடமாக அது யாரிடம் என்ன பேசியது, யாருக்கு என்ன செய்துகொடுத்தது என்று அவர் விசாரித்ததே இல்லை. காத்தமுத்துவையே இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். ஆனால் இருபது வருட அரசியலில் ஜனங்கள் அவரிடம் கேட்டதெல்லாம் ஒன்றைத்தான்.

"ஊருக்கு ரோடு வேணும்னு சொன்னாரும்மா. கண்டிப்பா போட்டுத் தர்றேன்."

அவள் பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். அவரையும் வாசலில் நின்ற காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரோடுதான் போன வருசமே போட்டுக் குடுத்துட்டீங்களேண்ணே. இப்ப அதுலதானே வந்தீங்க?"