பாதியக்காவின் புகார்

"அந்த நாய் இந்தக் கட்டடத்துல இருக்கணுமா, நான் இருக்கணுமா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

குடியிருப்போர் சங்கக் கூட்டம் தொடங்கியதும் தொடங்காததுமாக, இரண்டாவது மாடி அம்மாள் எழுந்து நின்று போட்ட சத்தத்தில் கார் நிறுத்தும் இடமே அதிர்ந்தது.

அவருக்கு அங்கே 'பாதியக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். புதுச் சோப்பை வாங்கிய அன்றே இரண்டாக அறுத்துவிடுவார். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கத்தரித்து வைப்பார். பற்பசை, சலவைத்தூள், கணவருக்கு முட்டை, பூனைக்குத் தீனி எல்லாமே அந்த வீட்டில் பாதிதான். அதை மறைக்கவும் மாட்டார். படியில் எதிர்ப்படுகிறவர்களை நிறுத்தி வைத்து வகுப்பு எடுப்பார்.

"எங்க வீட்டுக்காரரைப் பாருங்க, எங்க பூனையைப் பாருங்க. பாதிச் சாப்பாட்டுலயே ரெண்டும் எப்படிக் கொழுகொழுன்னு இருக்குதுங்க! நீங்கதான் காசைக் கொட்டி வீணடிக்கிறீங்க."

இன்று வகுப்பு இல்லை, வழக்கு.

"நாய் என்னம்மா பண்ணுச்சு?" என்றார் சங்கச் செயலாளர்.

"என்ன பண்ணலைன்னு கேளுங்க! நேத்து சமையலறைக்குள்ள நுழைஞ்சு பூனைத் தட்டை நக்கிடுச்சு. குப்பைக்கூடையைக் கவுத்துடுச்சு. அதோட விட்டுதா? ஜன்னல்ல வச்சிருந்த சோப்பை முழுங்கிடுச்சு!"

"சோப்பையா?"

"முழுங்கிட்டு நுரை நுரையா ஏப்பம் விட்டுட்டுப் போச்சு சார்! வாசனைச் சோப்பு! இன்னும் ஒரு மாசம் வந்திருக்கும்!"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பாதியக்கா திரும்பி முறைத்ததும் இருமல் நின்றது.

நாய்க்குச் சொந்தக்காரர் மூன்றாவது மாடி போட்டோக்காரர். தனிக்கட்டை. கடைசி நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். நாயோ தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பது தெரியாமல், புகார் கொடுத்தவரையே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, நாய்க்குச் சாப்பாடு போடுறீங்களா இல்லையா?"

"போடுறேன் சார்... கொஞ்ச நாளா குறைஞ்சுபோச்சு."

"கேட்டுக்குங்க!" பாதியக்கா எல்லோர் பக்கமும் திரும்பினார். "தன் நாயைப் பட்டினி போட்டு அடுத்தவங்க வீட்டுக்கு மேய விடுறாரு. இதுக்குப் பேரு சிக்கனம் இல்ல, கஞ்சத்தனம்! சிக்கனம்னா என்னன்னு என்கிட்ட வந்து கத்துக்கணும்!"

"ஏன் தம்பி குறைஞ்சுது?" செயலாளர் கேட்டார்.

போட்டோக்காரர் மென்று முழுங்கினார். "வீட்டுல சாப்பிடுற வாய் கூடிடுச்சு சார். சாயங்காலமானா ஒரு பூனை வந்து கதவைப் பிராண்டுது. பசின்னு வந்தா எப்படி விரட்டுறது? நாய்க்கு வேகவைக்கிற கோழியிலதான் பங்கு போடுறேன். இப்ப எனக்கு வேலையும் கம்மி. கூட வாங்க முடியல."

"யாரு வீட்டுப் பூனை?"

"அது வேண்டாம் சார். அவங்க வீட்டுல என்ன கஷ்டமோ, நமக்கு என்ன தெரியும்? நாலு பேர் முன்னால சொன்னா அவங்களுக்குத் தலைகுனிவா இருக்கும்."

பாதியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன பெரிய கஷ்டம்? தீனி போட வக்கில்லாதவங்க எதுக்குப் பூனை வளர்க்கணும்? வளர்த்ததை அடுத்தவங்க வீட்டுல தின்ன விட்டுட்டு, எதுவும் தெரியாத மாதிரி இருக்கிறவங்க மனுஷங்களா? அந்த வெட்கங்கெட்ட குடும்பம் யாருன்னு சொல்லச் சொல்லுங்க சார். அவங்களையும் நாயோட சேர்த்துக் காலி பண்ண வைக்கலாம்!"

பக்கத்தில் இருந்த கணவர் மெல்ல அவர் கையைப் பிடித்து இழுத்தார். "போதும், உக்காரும்மா."

"நீங்க சும்மா இருங்க!"

அவர் சும்மா இருந்தார். பழக்கம்தானே.

செயலாளருக்கும் தர்மசங்கடம். "பேரைச் சொல்லுங்க தம்பி, அவங்ககிட்டயும் பேசிப் பார்க்கலாம். சொல்ல மாட்டேன்னா எங்களுக்கு வேற வழியில்ல. இந்த வாரத்துக்குள்ள நாயை வேற எங்கயாவது விட்டுடுங்க."

போட்டோக்காரரின் கண்கள் கலங்கிவிட்டன. பார்க்கவே பாவமாக இருந்தது.

"அதுக்கு என்னை விட்டா யாருமில்ல சார். எனக்கும் அப்படித்தான்."

அப்போதும் அவர் பெயரைச் சொல்லவில்லை. நாயின் கழுத்து வாரைக் கையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, நில்லுங்க!"

எழுந்து நின்றவர் பாதியக்காவின் கணவர். கூட்டம் மொத்தமும் திரும்பியது. இத்தனை வருஷத்தில் அவர் குரலை அங்கே பலர் கேட்டதே இல்லை.

"நாயை எங்கயும் விட வேண்டாம். அந்தப் பூனை எங்க வீட்டுப் பூனைதான்."

பாதியக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, விடுங்கண்ணே..." போட்டோக்காரர் கெஞ்சினார். "இதோட நிறுத்திக்குங்க."

அதற்குள் பாதியக்கா சுதாரித்துக்கொண்டார். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்?

"இருக்கட்டுமே! ஒரு பூனை என்ன தின்னுடும்? ஒரு கைப்பிடி! அதுக்காக இத்தாம்பெரிய நாய் பட்டினி கிடக்குதுன்னு சொன்னா, கேக்கிறவங்க நம்ப வேண்டாமா?"

கணவர் போட்டோக்காரரைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு அசடு வழியச் சொன்னார்:

"பூனை கொஞ்சம்தாம்மா தின்னுச்சு. அதைத் தேடிப் போற சாக்குல, மிச்சம் மொத்தத்தையும் தின்னது நான்தான்."