உட்காராத நாய்

இன்று நாய் உட்கார்ந்து காட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும். சான்றிதழ் இல்லாத நாயை இனி வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் குடியிருப்பில் சொல்லிவிட்டார்கள்.

பயிற்சி வகுப்பில் மற்ற ஒன்பது நாய்களும் சொன்னவுடன் உட்கார்ந்துவிட்டன. எங்களுடையது மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“உக்காரு” என்றேன். பிஸ்கட்டைக் காட்டினேன். கெஞ்சியும் பார்த்தேன்.

“நாலு கால் இருந்தும் ஒத்தக்கால்ல நிக்குதே சார் உங்க நாய்!” என்று பக்கத்து நாய்க்காரர் சிரித்தார்.

பின்னால் நின்றிருந்த அப்பா, “நான் ஒரு தடவ சொல்லிப் பாக்கட்டுமாடா?” என்றார்.

“சும்மா இருங்கப்பா!”

நாய் சட்டென்று உட்கார்ந்தது.

பயிற்சியாளர் கைதட்டினார். “பாத்தீங்களா சார்! வீட்ல தினமும் கேட்டுப் பழகின வார்த்தைக்குத்தான் நாய் பணியும். அதையே, அதே குரல்ல, இன்னும் ரெண்டு தடவ சொல்லுங்க. பாஸ் போட்டுடறேன்.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“பரவால்ல, சொல்லுடா” என்றார் அப்பா மெதுவாக. “நான் பேசினா கேக்கறதுக்கு வீட்ல அது ஒண்ணுதான் இருக்கு.”