கூரைக்குக் கீழ் வெயில்

“கேமராவை ஆன் பண்ணுங்களேன். ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கறேன்.”

“டவர் இல்ல எழிலு. கட்டாயிடும்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“இன்னா பண்ணச் சொல்ற? மீட்டிங் எப்படிப் போவுது, அதச் சொல்லு.”

எழிலரசிக்குச் சுருக்கென்றது. ஆம்பூருக்குள் டவர் இல்லையாம்! யாரிடம் கதை விடுகிறார்? முந்தாநாள் ஃபோனையே எடுக்கவில்லை. கேட்டால் ரிப்பேராம்.

அவருக்குக் கோபம்தான், வேறென்ன. ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் சூப்பர்வைசர் சூரியபிரகாஷ். அவருடைய மனைவி வேலூரில் காலேஜ் புரொஃபசர், இப்போது இந்தியக் குழுவில் ஒருத்தியாக ஜெனீவா வரை வந்துவிட்டாள். யார் என்ன சொல்லி ஏற்றிவிட்டார்களோ.

“உங்களப் பார்க்கணும்போல இருக்குங்க.”



“வேலைய முடிச்சுட்டு வா,” என்று வைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே, மார்ச் பிறந்தும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போதே சட்டையிலிருந்து ஷூ பசை நெடி வரும். “முதல்ல குளிங்க” என்று விரட்டுவாள். இப்போது அந்த நெடிக்காக ஏங்கினாள்.

மறுநாள் கூட்டத்தில் காரசாரமான விவாதம். பருவநிலை மாற்றம் பற்றி உலகத்துக்கு அறிக்கை தரும் விஞ்ஞானிகள் குழு இனி எப்படிச் செயல்பட வேண்டும் என்பதுதான் பேச்சு. பல வருஷத்துக்கு ஒருமுறை தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டால் போதாது, நடுநடுவே சின்ன அறிக்கைகள் வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் அறிக்கை எதைப் பற்றி என்பதில்தான் இழுபறி.

“கூரைக்குக் கீழே வேலை செய்றவங்களைப் பத்தி இருக்கட்டும்,” என்றாள் எழிலரசி. “வெட்டவெளி வெயிலப் பத்தி எழுதிட்டோம். தகர ஷெட்டுக்குள்ள, மெஷின் சூட்டுல நிக்கிறவங்களுக்கு என்ன ஆகுதுன்னு யார் பார்க்கிறது?”

“அதில் ஆய்வுகள் குறைவாச்சே?” என்றார் எதிரே இருந்த மூத்த விஞ்ஞானி.

“ஆய்வுதான் கம்மி, ஆட்கள் கம்மி இல்ல. அவங்க சொல்றத முறையா கேட்டுப் பதிவு பண்ணி, அதையும் சான்றா எடுத்துக்கணும். அதுக்கு விதியை மாத்துங்க.”

“ஆளுக்கு ஆள் சொல்வதையெல்லாம் அறிவியல் என்று ஒப்புக்கொள்ள முடியுமா?”

முடிவைக் கடைசி நாளுக்குத் தள்ளிவைத்தார்கள். எழிலரசிக்கு மனசு விட்டுப்போனது. ஊருக்கு ஃபோன் போட்டாள்.

“நான் கிளம்பி வந்துடட்டுமா? டிக்கெட்ட மாத்திக்கலாமாம்.”

‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்றிருந்தது.

“வராத,” என்றார் வெடுக்கென்று. “வேலை முடியாம வராத.”

“நான் இல்லாதது அவ்ளோ சௌகரியமா இருக்கா?”

துண்டித்துவிட்டாள். அதன்பின் அவர் கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

கடைசி நாள் அந்த ஆத்திரத்தையும் சேர்த்துத்தான் பேசினாள். தலைவர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாடாகக் கை தூக்கியது. கடைசியில் அந்த மூத்த விஞ்ஞானியும் தூக்கினார். அறிக்கைக்குச் சம்மதம், விதி மாற்றத்துக்கும் சம்மதம்.

எல்லோரும் கை குலுக்கினார்கள். கணவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஃபோனை எடுத்தவள், வீம்பாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சென்னையில் ஃபிளைட் இறங்கி, ரயில் பிடித்து காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியபோது, அவருடைய கம்பெனி நண்பர் ஜியாவுல்லாதான் நின்றிருந்தார்.

“அவர் வரலையா?”

“வண்டில ஏறுங்க அண்ணி.”

“ஸ்டேஷனுக்கு வரக்கூட மனசில்லையா உங்க தோஸ்துக்கு?” காரில் ஏறியதும் பொரிந்து தள்ளினாள். “முகத்தக் காட்டல, வான்னு ஒரு வார்த்தை இல்ல. தொழிலாளி பேச்சைக் காது குடுத்துக் கேளுங்கன்னு ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிட்டு வர்றேன். என் பேச்சைக் கேக்க என் வீட்ல ஆளில்ல!”

ஜியாவுல்லா வண்டியைக் கிளப்பினார். கார் ஆம்பூர் பக்கம் திரும்பாமல், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது.

“இங்க எதுக்கு?”

“நீங்க வெளிநாடு கிளம்பிப் போன அந்த வாரமே செக்‌ஷன்ல மயங்கி விழுந்துட்டாரு அண்ணி. உள்ள அனல் தாங்கல. ஒரு நாள் முழுக்க நினைவே இல்ல. இப்ப பயமில்ல, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடறோம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

எழிலரசி ஓடினாள். வார்டில் கையில் டிரிப்ஸோடு படுத்திருந்தார் சூரியபிரகாஷ். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. எத்தனை நாளாகப் பார்க்கத் தவித்த முகம்!

“ஏங்க சொல்லல? அடுத்த ஃபிளைட்ட புடிச்சு வந்திருப்பேனே!” என்று அழுதாள்.

“வந்துடுவன்னு தெரியும். அதான் சொல்லல,” என்றார் அவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. “எங்களப் பத்திப் பேச அங்க நீ ஒருத்திதானே எழிலு இருந்த?”