ஓடைக்கரைச் செம்பு

“இது யாரு வீட்டுச் செம்புன்னு நான் சொல்லணுமா, இல்ல நீங்களே சொல்றீங்களா அத்தான்?”

பூமாரி அந்தச் செம்பைப் பெரட்டுக்களத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் நேரம். லயத்து வரிசை வீடுகளின் சனம் மொத்தமும் அங்கேதான் நின்றது. விளிம்பு நெளிந்து, அடியில் ஈயப் பற்று வைத்த அந்தப் பித்தளைச் செம்பைத் தெரியாதவர்கள் அந்தத் தேயிலைத் தோட்டத்திலேயே கிடையாது.

செல்லத்துரை தலையைக் குனிந்துகொண்டான். “எங்க வீட்டுதுதான்.”

“ஓடைக்கரையில கிடந்துச்சு. விடியக்காலம் தண்ணிக்குப் போனேன். குடம் பாறையில இடிச்ச சத்தம் கேட்டதும் ஒரு ஆளு எந்திரிச்சு ஓடுது. மஞ்சு மூடிக் கிடந்ததுல மூஞ்சி தெரியல.”

போன மழைக்காலத்தில் அந்த ஓடைத் தண்ணீரைக் குடித்துத்தான் லயத்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பூமாரியின் தம்பியும் அதில் ஒருவன். அந்தச் சமயத்தில் போடிமெட்டு இறங்கிச் சந்தைக்குப் போன செல்லத்துரை, அங்கே கதர் கட்டியவர்கள் சுத்தத்தைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து இளவட்டங்களைக் கூட்டினான். ஞாயிறுதோறும் ஓடையைத் தூர்வாரினார்கள். கரையில் மூங்கில் வேலி கட்டினார்கள். களத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, தகரம் அடித்து, லயத்துக்கென்று ஒரு கக்கூசும் கட்டி முடித்தார்கள்.

இனிமேல் ஓடைப் பக்கம் ஒதுங்குகிறவன் கழுத்தில் அவன் செம்பையே கட்டிப் பெரட்டுக்களத்தில் நிறுத்துவது என்று விதி செய்ததும் செல்லத்துரைதான். அதற்கு நல்ல கைதட்டல் கிடைத்தது.

கட்டிய கக்கூசுக்குள் போகத்தான் ஆள் இல்லை. இடம் பார்த்தது இளவட்டங்கள் அல்லவா? எல்லாருக்கும் கிட்டே இருக்கட்டும் என்று, கொழுந்துக் காட்டுக்கு நேர் எதிரே, நட்டநடுவில் வைத்துவிட்டார்கள். முதலில் எதிர்த்துப் பேசியவர் செல்லத்துரையின் அப்பா சுடலை.

“கொழுந்தெடுக்குற பொம்பளைக அத்தனை பேரும் பாக்க, செம்பும் கையுமா எப்பிடிலே போறது? இது என்ன மாப்பிள்ளை ஊர்வலமா?” என்று அவர் கேட்டதும் களமே சிரித்தது. செல்லத்துரைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இப்போது எல்லாக் கண்களும் சுடலை பக்கம் திரும்பின.

“அன்னைக்கே நினைச்சேன்” என்றார் கங்காணி கருத்தப்பாண்டி. “என்னலே செல்லத்துரை, விதி ஊருக்கு மட்டுந்தானா, உங்க வீட்டுக்கும் உண்டா? சீக்கிரம் சொல்லு, தொரை வர்ற நேரம்.”

செல்லத்துரை அவள் பக்கம் திரும்பினான். “பூமாரி, நான் ஒண்ணு சொல்லணும்...”

“என்ன சொல்லப்போறீங்க? பெத்தவரு, விட்டுருன்னா?” அவள் குரல் உடைந்தது. “என் தம்பி அந்தத் தண்ணியத்தான் குடிச்சான் அத்தான்.”

“அவன் என்னத்தச் சொல்லுவான்?” சுடலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மகனை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். “நான்தான். பழக்கம் விடல. கட்டுலே.”

“அப்பா...”

“கட்டுங்கேன்.”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கயிறு அவர் கழுத்தில் ஏறியிருக்காது. அந்த ஒரு வார்த்தைக்குச் செல்லத்துரைக்கு வாய் வரவில்லை. முடிச்சுப் போட்டான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

பிள்ளைகள் ‘செம்புத் தாத்தா, செம்புத் தாத்தா’ என்று சுற்றிச் சுற்றி ஓடினார்கள். கூடை மாட்டிய பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடந்து போனார்கள். பெரட்டு கலைகிற வரைக்கும் சுடலை அசையாமல் நின்றார்.

“சொந்த அப்பனையே நிறுத்திட்டாம்லே. நாமெல்லாம் எம்மாத்திரம்?” என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். அன்று சாயங்காலம், அதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் செம்பும் கையுமாகக் கக்கூசுக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பூமாரி, செல்லத்துரையின் பக்கத்தில் வந்து நின்றாள். “பெத்தவருன்னும் பாக்கல நீங்க. உங்கள மாதிரி நாலு பேரு இருந்திருந்தா என் தம்பி பொழைச்சிருப்பான் அத்தான்.”

அவன் வீட்டைப் பார்த்து நடந்தான். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

வீட்டு வாசலில் சுடலை செம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கயிறு அறுத்த தடம் சிவந்து கிடந்தது. செல்லத்துரை அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“ஏம்ப்பா அப்பிடிச் சொன்னீங்க?”

“உன்னைய அங்க நிறுத்தியிருந்தா, இந்நேரம் அந்தத் தகரத்தப் பிரிச்சு அவனவன் அடுப்புக்கு மறைப்புக் கட்டியிருப்பான்.”

செம்பைக் கழுவி, தண்ணீர் மொண்டு, மகன் கையில் கொடுத்தார்.

“இந்தா, இனிமேலாவது அங்க போ. நான் முத நாள்லேர்ந்து விடியுமுன்ன அங்கதாம்லே போறேன். கட்டினவன் நீதான் இன்னும் உள்ள போகல.”