மூணு கால் எருமை

"வாடகை பாக்கி. கிடங்கு அறை எண் பதினேழு. உள்ளே இருக்கிறது எல்லாம் ஒரே ஏலம்!" என்று கூவினார் ஏலக்காரர்.

ஷட்டர் மேலே போனது. ரோவீனா ஓரமாக நின்று பார்த்தாள். கணவன் லைலின் நாற்காலி, தூண்டில், அலமாரி மேல் அவனுடைய நாணய ஆல்பம்.

லைல் போன பிறகு ஆஸ்பத்திரி பில்லே அவளை விழுங்கிவிட்டது. வாடகை கட்ட வழியில்லை.

கூட்டத்தில் எட்னா காஸ்பரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டோலிடோ நகரத்திலேயே பெரிய நாணயக் கடைக்காரி. அந்த ஆல்பத்தில் இருக்கும் ஒரு காசுக்காக லைலை எத்தனை வருஷம் நச்சரித்தவள்!

"எட்னாக்கா, அந்த ஆல்பம் தேறுமா?" என்றான் டுவைன், பழைய சாமான் வியாபாரி.

எட்னா டார்ச் அடித்துப் பார்த்தாள். "தேறவா? எல்லாம் தேய்ஞ்சுபோன அஞ்சு சென்ட் காசு. கடையில குடுத்தா ஒரு காபிக்குக்கூடப் பத்தாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஏலம் கேட்கத் தூக்கவிருந்த கையை டுவைன் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

"முப்பது டாலர்," என்றாள் எட்னா.

எதிர்க்குரல் இல்லை. சுத்தியல் விழுந்தது.

கூட்டம் அடுத்த அறைக்கு நகர்ந்ததும் ரோவீனா பாய்ந்தாள். "அவர் உசிரோட இருக்கிறப்ப குடுக்கல. இப்பப் பொய் சொல்லி அடிச்சுட்டுப் போறியே, உனக்கு வெட்கமா இல்ல?"

"மெதுவாப் பேசு. டுவைன் காதுல விழுந்துடப் போகுது."

எட்னா ஆல்பத்தைத் திறந்து ஒரு காசைத் தொட்டுக் காட்டினாள். முதுகில் திமிலோடு ஒரு காட்டெருமை.

"கால எண்ணு."

"மூணு..."

"அச்சடிச்சவங்க பண்ணின தப்பு. நாலாவது கால் அழிஞ்சுபோச்சு. ஆயிரக்கணக்கான டாலர் போகும். ஏலத்துக்கு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இது உன் கைக்குத் திரும்பி வந்திருக்குமா?"

ஆல்பத்தையும் அறைச் சாவியையும் அவள் கையில் திணித்தாள்.

ரோவீனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. லைலின் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்தாள்.

எட்னா எதிரே வந்து நின்றாள், வாடிக்கையாளர் மாதிரி பணிவாக.

"இப்பச் சொல்லு ரோவீனா, அந்தக் காசை எனக்கு என்ன விலைக்குக் குடுப்பே? குறைச்சுச் சொன்னா வாங்க மாட்டேன்!"