இருபத்தாறு இஞ்ச்

டயர் ரிம்மில் நிற்கவில்லை.

ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழுந்துகொள்கிறது. எழுந்ததை அழுத்தினால் மொத்தமும் கழன்று மடியில் விழுகிறது. புது டயர் என்றால் கட்டைவிரல் வலிக்க வலிக்க உள்ளே தள்ள வேண்டும். இது தானாகப் போகிறது, தானாக வெளியே வருகிறது.

இன்னொருத்தியின் வளையலைப் போட்டுப் பார்த்தது போல இருந்தது.

அப்படி நினைத்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

நேற்றுச் சாயங்காலம் நைட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நல்லசிவம் இதை அவளுடைய சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டுப் போனான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் கேட்காமல் அவன் வாங்கி வந்த முதல் பொருள். மல்லிகைப் பூ வாங்கி வந்திருந்தால்கூட அவள் மனசு அவ்வளவு குளிர்ந்திருக்காது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"சைஸு பாத்துத்தானுங்க வாங்குனீங்க?"

"இருபத்தாறுதான புள்ள. எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றுதான்.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவளிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. லேபிளில் M என்று ஒரே எழுத்துதான் இருக்கும். ஜெர்மனிக்காரனுக்கு ஒரு மார்பு, ஜப்பான்காரனுக்கு ஒரு மார்பு. லேபிளை நம்பி அனுப்பினால் பெட்டி பெட்டியாகத் திரும்பி வரும்.

டயரைத் திருப்பிப் பார்த்தாள். 26 × 1⅜ என்றிருந்தது. அவளுடைய பழைய டயரில் 26 × 1.75. முன்னால் நிற்கும் இருபத்தாறைப் பார்த்து யாரும் ஏமாறலாம். கீழே பொடி எழுத்தில் வேறு எண்கள் இருந்தன. புதியதில் 37-590. பழையதில் 47-559.

பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக் குறுக்கே பிடித்தாள். புது டயரின் உள்வாய் ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர். பழையது ஐம்பத்தாறுகூட இல்லை. பொடி எழுத்துதான் உண்மையைச் சொல்கிறது.

ஐம்பத்தொன்பது யாருடையது?

எழுந்து போய்ப் பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் போனாள்.

வாசல் சுவரில் ருக்மணியின் பச்சை சைக்கிள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ருக்மணி அவனுடைய முதல் மனைவி. காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள்.

போனவளோடு சண்டை போட வழியில்லை. அவளுக்கு வயதாவதில்லை. அவள் வைத்த குழம்பில் உப்புக் கூடுவதே இல்லை.

மாதம் தவறாமல் அவன் இந்தச் சைக்கிளுக்குக் காற்றடிப்பான். ரப்பர் வீணாகிவிடுமாம். செயினுக்கு எண்ணெய் விடுவான். ஆயுத பூஜையன்று முதல் பொட்டு இதற்குத்தான், இரண்டாவது பொட்டுதான் இவளுடைய சைக்கிளுக்கு.

பின்சக்கரத்து டயர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

37-590.

கடையில் போய், வீட்டுக்காரி சைக்கிளுக்கு ஒரு டயர் என்றுதான் கேட்டிருப்பான். கேட்கும்போது கண்முன்னால் எது வந்து நின்றதோ, அதற்கு வாங்கியிருக்கிறான்.

பொறாமையில் அவளுக்கு வயிறு எரிந்தது. காலை நேரத்தில், கை முழுக்கக் கறுப்போடு, இல்லாத ஒருத்தியை நினைத்து.

சரி, பார்த்துவிடலாம் என்று சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினாள்.

பின்சக்கரத்தைக் கழற்றி, கரண்டிக் காம்பை விட்டு வெடித்த டயரை நெம்பி எடுத்தாள். புதியதை வைத்தாள். முக்கால்வாசி சுலபமாகப் போனது. மிச்சத்துக்குக் கட்டைவிரல் வலித்தது. கடைசியில் டப்பென்று உட்கார்ந்துகொண்டது.

இதில் மட்டும் நிற்கிறது.

காற்றடித்துச் சக்கரத்தை மாட்டி முடிப்பதற்குள் கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. அவளுடைய சைக்கிள் ஒற்றைச் சக்கரத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தது. வேறு வழியில்லை என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு பச்சை சைக்கிளில் ஏறினாள்.

சீட் அவளுடைய உயரத்துக்குச் சரியாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

தெருவில் பாதி தூரம் போயிருப்பாள். முனையில் நல்லசிவம் திரும்பினான். கையில் பால் பாக்கெட். ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்ற காலை இழுத்து இழுத்து வைத்து நடந்து வந்தான்.

தூரத்தில் வரும் சைக்கிளைப் பார்த்தான்.

அவன் முகம் மலர்ந்தது. கால் வேகமாக நடந்தது. பால் பாக்கெட்டோடு கை பாதி உயர்ந்தது.

இரண்டு வருடத்தில் அந்த முகத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்னும் கிட்டே வந்ததும் சைக்கிளில் இருப்பது யாரென்று அவனுக்குத் தெரிந்தது. கை இறங்கியது.

"டயரு சேந்துச்சா?" என்றான், வேறு எதையும் கேட்கத் தெரியாமல்.

"அளவெடுத்தாப்புல சேந்துச்சுங்க."

நிற்காமல் மிதித்தாள்.

கம்பெனி கேட் வரைக்கும் அந்த முகம் கூடவே வந்தது. அது தனக்கில்லை என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் விட மனசில்லை.

தன் சைக்கிளுக்குச் சரியான டயரைச் சாயங்காலம் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம். 47-559 என்று கேட்டால் போதும். நாளைக்கு வாங்கினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அவள் வீடு திரும்பும் நேரத்துக்குத்தான் அவன் தூங்கி எழுந்து வாசலில் வந்து உட்காருவான்.

தெருமுனையிலிருந்து வரும்போது ஆள் யாரென்று தெரியாது. சைக்கிள் மட்டும் தெரியும்.