அவள் சார்பாக

பதினொன்று இருபதுக்கு அவளுடைய முறை வந்தது.

அவையின் நடுவே, அவைத்தலைவரின் உயர்ந்த இருக்கைக்குக் கீழே, சுருக்கெழுத்தர்களுக்கென்று ஒரு மேசை. ஆளுக்குப் பத்து நிமிடம். எழுதியதும் அடுத்தவருக்கு இடம் விட்டு, வெளியே போய்த் தட்டச்சு செய்துவிட வேண்டும்.

அன்று தூக்குத் தண்டனையை ஒழிக்கும் மசோதா. காலையிலிருந்தே அனல் பறந்துகொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்ததும், மசோதாவை எதிர்க்கும் உறுப்பினர் எழுந்தார். கனத்த குரல். வார்த்தைகளை விழுங்காமல் பேசுவார். எழுதுகிறவர்களுக்கு அவரைப் பிடிக்கும்.

ஆலைக் காவலாளியின் வழக்கை எடுத்தார். ஊருக்கே தெரிந்த வழக்குதான். வேலையைவிட்டு நீக்கப்பட்ட ஒருவனைக் காவலாளி வாசலில் மறித்தார். அவன் இரும்புக் கம்பியால் அடித்தே கொன்றுவிட்டான். தண்டனை உறுதியாகிச் சிறையில் இருக்கிறான். வயது இருபத்திரண்டு.

“கருணை, கருணை என்கிறீர்களே, அந்தக் காவலாளியின் மனைவியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் முகத்தில் காறித் துப்புவாள்.”

மேசைகள் அதிர்ந்தன. ‘மேசையைத் தட்டும் ஒலி’ என்று அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொண்டாள்.

எதிர்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். வழக்கறிஞர். அவருக்குக் குரல் தழுதழுத்தது.

“அந்தப் பெண்ணை இவருக்குத் தெரியாது. தான் அழுததுபோல் இன்னொருத்தி அழுவதை அவள் விரும்பவே மாட்டாள். எப்போதோ மன்னித்திருப்பாள். பிள்ளைகளும் மூன்று அல்ல, இரண்டு.”

மூன்றுதான் என்று பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். பேப்பரில் வந்ததே என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மசோதாவுக்கு வாருங்கள் என்று அவைத்தலைவர் மணியடித்தார்.

எல்லாவற்றையும் எழுதினாள். சிரிப்பையும்.

தட்டச்சு அறையில் மேற்பார்வையாளர் பக்கங்களை வாங்கிப் படித்தார். ஆறு மாதத்துக்கு முன்புதான் மாற்றலாகி வந்தவர். ஒரு கால்புள்ளி பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

“என்னம்மா இது, இவர் மூணுங்கிறார், அந்தம்மா ரெண்டுங்கிறாங்க. எது சரின்னு யார்கிட்டயாவது விசாரிச்சு, கீழே ஒரு குறிப்பு போட்டுடலாமா?”

“வேண்டாம் சார். அவங்க பேசினது அதுதானே, அப்படியே இருக்கட்டும். எனக்கு ஒரே பொண்ணுதான்.”

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பாதி வரியில் நின்றுவிட்டார்.

பேனாவை மூடினார். எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லீவு கொடுத்திருப்பேனே என்றார்.

“உங்களுக்கு என்னதாம்மா வேணும்? அவனைத் தூக்கில போடணுமா, வேண்டாமா?”

வழக்கு நடந்த நான்கு ஆண்டுகளில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கணவர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினார், இந்தச் சட்டை அவருடையதுதானா, இவ்வளவுதான் நீதிமன்றத்தில் கேட்டார்கள்.

“காலையில எழுந்தா ஒண்ணு தோணுது சார். சாயங்காலம் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்து கதவைத் தட்டினா வேற ஒண்ணு தோணுது. எதைச் சொன்னாலும் மறுநாள் பொய்யாயிடுது.”

வாக்கெடுப்புக்கான மணி ஒலித்தது. வாக்கெடுப்பின்போது இரண்டு பேர் எழுத வேண்டும் என்பது விதி. அன்றைய பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார் அவர். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

உள்ளே கதவுகளை அடைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தார் எழுந்து நின்றார்கள். எண்ணி முடித்ததும் அந்தப் பக்கத்தார் நின்றார்கள். காறித் துப்புவாள் என்றவரும், மன்னித்திருப்பாள் என்றவரும் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் நின்றார்கள்.

அவைத்தலைவர் முடிவை வாசித்தார்.

ஒரு பக்கம் ஆரவாரம் எழுந்தது. கதவுகள் திறந்தன. உறுப்பினர்கள் கைகுலுக்கியபடியும் முணுமுணுத்தபடியும் கலைந்தார்கள். அவளுடைய தாளில் ஓர் எழுத்துகூட இல்லை.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த தோழி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.